சி.சி.என்.ஏ. இல்லாமல் நெட்வொர்க் வேலைக்குள் நுழைய முடியுமா? ஓர் எல்-1 பணியிடமும் இரண்டு பேரும்

மாதத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது. காலேஜ் முடித்த பையன் கேட்பான், அவனுடைய அப்பா கேட்பார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். "நெட்வொர்க்கிங்ல வேலைக்குப் போகணும்னா சி.சி.என்.ஏ. முடிச்சே ஆகணுமா?" சி.சி.என்.ஏ. என்பது நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் நடத்தும் தொடக்க நிலைத் தேர்வு, அதில் கிடைக்கும் சான்றிதழ். நெடுநாளாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: "அவசியம் இல்லை, வேலை தெரிந்தால் போதும்." 2022-இல் எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு பணியிடத்துக்கு ஆள் எடுத்தோம். அப்போது நடந்ததையும், அடுத்த இரண்டு வருடத்தில் அந்த நேர்காணலுக்கு வந்த இரண்டு பேருக்கு நடந்ததையும் பார்த்த பிறகு அந்தப் பதிலை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

பணியிடம்

எங்களுடையது சென்னையில் இருக்கும் ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மையம். வாடிக்கையாளர்களின் கிளை அலுவலகங்கள், கிடங்குகள், தொழிற்சாலைகள் எல்லாவற்றின் இணைப்பும் (லிங்க்), உள்ளே கணினிகளைச் சேர்க்கும் சுவிட்சும், அவற்றை வெளி நெட்வொர்க்கோடு சேர்க்கும் ரூட்டரும் எங்கள் திரையில் தெரியும். பச்சையாக இருப்பது சிவப்பானால் டிக்கெட் போட வேண்டும், அந்த ஊரில் இருப்பவரைப் போனில் பிடிக்க வேண்டும், இணைப்பு கொடுக்கும் நிறுவனத்திடம் புகார் பதிய வேண்டும், நம் கையில் இருப்பதை நாமே சரிசெய்ய வேண்டும். இந்த வேலையின் முதல் படிதான் எல்-1. இரவு ஷிஃப்ட்டில் எல்-1 ஆள் பெரும்பாலும் தனியாக இருப்பார். அடுத்த படியான எல்-2 ஆள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பலாம், ஆனால் எதற்கு எழுப்புகிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

விளம்பரம் போட்ட நாலு நாளில் 300-க்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. மனிதவளத் துறையில் இருப்பவருக்கு ரூட்டர் எது, சுவிட்ச் எது என்று தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் எதை வைத்துப் பிரிப்பது என்று என்னிடம் கேட்டார். "சி.சி.என்.ஏ. இருக்கிறவங்களை மட்டும் எடுங்க" என்றேன். அவர் தேடும் பெட்டியில் அந்த ஒரு சொல்லைப் போட்டார். 300 பேர் 40 பேர் ஆனார்கள். வேலை தெரிந்தால் போதும் என்று ஊரெல்லாம் சொல்லிவந்த நான்தான் அந்த வடிகட்டியை வைத்தேன் என்பதைக் கவனியுங்கள். 300 ரெஸ்யூமேயை வரிவரியாகப் படிக்க நேரம் இல்லை, காரணம் அவ்வளவுதான். எந்த அலுவலகத்திலும் ஏறக்குறைய இதேதான் நடக்கிறது. சான்றிதழ் ஒருவருடைய திறமையை அளக்கிறதோ இல்லையோ, படிக்கிறவருடைய வேலையைக் குறைக்கிறது.

அந்தச் சொல்லுக்கு இந்த மதிப்பு வந்ததற்கு ஒரு பின்னணி இருக்கிறது. சிஸ்கோ 1993-இல் முதலில் கொண்டுவந்தது உச்சியில் இருக்கும் சி.சி.ஐ.இ. தேர்வை. தொடக்க நிலைக்கான சி.சி.என்.ஏ. 1998-இல்தான் வந்தது. நம் ஊரில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட்டில். தனியார் நிறுவனங்கள் இணைய இணைப்பு கொடுக்க அனுமதி கிடைத்தது 1998-இல். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ-டூ-ஐ கடலடிக் கேபிள் வந்தது 2002-இல். ஆக, ரூட்டர்கள் வந்து இறங்கிய அதே சமயத்தில்தான் அதைத் தொடத் தெரிந்தவர் யார் என்று காட்டும் தாளும் வந்தது. அப்போது அந்தப் பெட்டிகளைப் பார்த்தவர்களே குறைவு. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போக நினைத்தவர்களுக்கு அந்தத் தாள் பாஸ்போர்ட்டுக்கு அடுத்த ஆவணம்போல ஆனது. எங்கள் செட்டில் பலர் அப்படித்தான் போனார்கள். நான் சான்றிதழ் இல்லாமல், ஒரு பிரவுசிங் சென்டரில் கேபிள் கிரிம்ப் செய்து உள்ளே வந்தவன். அந்தக் காலத்தில் அது முடிந்தது என்பதாலேயே இப்போதும் முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேர்

வடிகட்டியில் தேறியவர்களில் ஒரு பெண். நாமக்கல் பக்கம், அப்பாவுக்கு நாலு விசைத்தறி. பி.இ. எலெக்ட்ரானிக்ஸ், நல்ல மதிப்பெண், சி.சி.என்.ஏ. முதல் தடவையிலேயே பாஸ். தேர்வுக்கட்டணமும் கோச்சிங் கட்டணமும் சேர்ந்து 55,000 ரூபாய் ஆகியிருக்கிறது.

இன்னொருவன் வடிகட்டியில் விழுந்துபோனவன். மதுரையில் இரண்டரை வருடம் சி.சி.டி.வி. மாட்டுவதும் ஆபீஸ்களுக்கு லேன் கேபிள் இழுப்பதுமாக இருந்தவன். பாலிடெக்னிக் டிப்ளமோ. அவன் ரெஸ்யூமேயில் சி.சி.என்.ஏ. என்ற சொல்லே இல்லை, அதனால் எங்கள் திரைக்கு அவன் வரவே இல்லை. அவன் வேலைபார்த்த கடைக்காரர் என் நண்பருக்குத் தெரிந்தவர். "பையன் கெட்டிக்காரன், ஒரு தடவை பாருங்க" என்று நண்பர் போன் செய்ததால் மட்டும் உள்ளே வந்தான். அந்த ஒரு போன் வராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

முதல் சுற்றில் வாய்மொழிக் கேள்விகள். வெள்ளைப் பலகையில் 10.20.30.77 என்று எழுதி, சாய்கோடு போட்டு 27 என்று எழுதினேன்; முகவரிகளை 32, 32 ஆகப் பிரித்திருக்கிறது என்பது அதன் பொருள். இந்த முகவரி எந்த சப்நெட்டில், அதாவது அப்படிப் பிரித்த எந்தத் துண்டில், வருகிறது? அந்தப் பெண் மார்க்கரை வாங்கி, 32, 64, 96 என்று ஓரத்தில் எழுதி, 64-க்கும் 95-க்கும் வட்டம் போட்டார். "நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 95, நடுவுல 30 மெஷினுக்குக் குடுக்கலாங்க சார்." பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் ஆகியிருக்காது. அதே கேள்வியை அந்த மதுரைத் தம்பியிடம் கேட்டபோது பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், நான் எல்லா இடத்துலயும் 255.255.255.0-தான் போட்டிருக்கேன். இது தெரியாது சார்" என்றான். மழுப்பவில்லை. அந்தச் சுற்றில் எங்கள் குழு நண்பர் அவனுக்கு பத்துக்கு மூன்று போட்டார். நானும் அதேதான் போட்டிருப்பேன்.

மேசைக்கு அடியில் இருந்த பெட்டி

இரண்டாவது சுற்று செய்முறை. ஒரு மேசையில் ஒரு ரூட்டர், 24 போர்ட் சுவிட்ச், மூன்று லேப்டாப். அலுவலக ரூட்டர் டி.எச்.சி.பி. (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் முறை) வழியாக 10.20.30 வரிசையில் முகவரி கொடுக்கும்படி வைத்திருந்தோம். யாருக்கும் தெரியாமல் மேசைக்கு அடியில் ஒரு பழைய வீட்டு வைஃபை ரூட்டரை வைத்து, அதன் லேன் போர்ட்டைச் சுவிட்சின் 14-ஆம் போர்ட்டில் சொருகியிருந்தோம். மூன்று லேப்டாப்பில் ஒன்றுக்கு 192.168.0.104 என்று முகவரி விழுந்துவிட்டது. "இதில் மட்டும் ஆபீஸ் சர்வர் வரவில்லை. ஏன் என்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டு நான் நாற்காலியைப் பின்னால் இழுத்து உட்கார்ந்தேன்.

இந்த உதாரணத்தை நாங்கள் கற்பனையில் செய்யவில்லை. வீட்டிலிருந்து யாரோ ஒரு ரூட்டரைக் கொண்டுவந்து வைஃபைக்காக மேசைக்கு அடியில் சொருகுவதும், அந்தத் தளத்தில் பாதிப் பேருக்கு நெட் போவதும் வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது எங்களுக்கு டிக்கெட்டாக வரும். லேப்டாப் தன் முகவரியைக் கேட்கும்போது யாரிடம் கேட்கிறோம் என்று பார்த்துக் கேட்பதில்லை. தெருவில் நின்று "எனக்கு ஒரு முகவரி கொடுங்க" என்று கூவுவதுபோலக் கூவும். முதலில் பதில் சொல்கிறவர் கொடுப்பதைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். பதில் சொன்னது முறையான சர்வரா, மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியா என்று அதற்குத் தெரியாது.

அந்தப் பெண் முதலில், வெளியே போகும் வழியான அலுவலக கேட்வே பதில் தருகிறதா என்று பிங் செய்து பார்த்தார், தரவில்லை. முகவரியைப் பார்த்தார், 192.168 என்று இருந்தது. உடனே சுவிட்சுக்குள் போய் வி.லேன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் முறை) பட்டியலைப் பார்த்தார், சரியாக இருந்தது. ரூட்டருக்குள் போய் டி.எச்.சி.பி. கொடுத்த முகவரிகளின் பட்டியலை எடுத்தார். அதில் இரண்டு லேப்டாப் இருந்தது, மூன்றாவது இல்லை. இது வரைக்கும் அவர் செய்தது அத்தனையும் சரி. அங்கேயே நின்றுவிட்டார். ரூட்டரின் கட்டளைகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். தப்பு ரூட்டரில்தான் இருக்க வேண்டும் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது; அவர் படித்த கேள்விகளில் தப்பு எப்போதும் திரையில் காட்டப்பட்ட கருவிக்குள்ளேயே இருந்திருக்கிறது. 20 நிமிடம் கழித்து நான் நிறுத்தினேன்.

தம்பி லேப்டாப்பில், அதன் முகவரியைக் காட்டும் ஐபி-கான்ஃபிக் கட்டளையை முழு விவரத்துடன் அடித்தான். டி.எச்.சி.பி. சர்வர் என்ற வரியில் 192.168.0.1 என்று இருந்ததைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"சார், யாரோ வீட்டு ரூட்டரைக் கொண்டாந்து சொருகியிருக்காங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"இந்த நம்பர் அதுலதான் சார் வரும். எங்க ஊர்ல ஒரு பைனான்ஸ் ஆபீஸ்ல இதே மாதிரி ரெண்டு நாள் அலைஞ்சேன்."

பிரவுசரில் அந்த முகவரியைத் தட்டினான். ரூட்டரின் லாகின் பக்கம் கம்பெனிப் பெயரோடு வந்து நின்றது. அப்புறம் சுவிட்சில் இருந்த கேபிள்களை ஒவ்வொன்றாக விரலால் பிடித்துக்கொண்டே போனான். மேசைக்கு அடியில் குனிந்து பெட்டியை எடுத்து வெளியே வைத்தான். மொத்தம் ஆறு நிமிடம்.

நான் விடவில்லை. "இது நாலு மாடிக் கட்டடம், நீங்கள் சென்னையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேபிளைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. எந்த போர்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" அவனுக்குத் தெரியவில்லை. எந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று லேப்டாப் குறித்துவைக்கும் ஆர்ப் அட்டவணையில் அந்த ரூட்டரின் மேக் முகவரி (அந்தக் கருவிக்கே உரிய எண்) இருக்கும், அதை எடுத்துக்கொண்டு சுவிட்சின் மேக் அட்டவணையில் தேடினால் போர்ட் எண் வந்துவிடும், அந்த போர்ட்டை இங்கிருந்தே அணைத்துவிடலாம். இது தெரியாமலேயே இரண்டரை வருடம் வேலை பார்த்திருக்கிறான், ஏனென்றால் அவன் கையில் கிடைத்த சுவிட்சுகளுக்குள் நுழையவே வழி இல்லை. 1,500 ரூபாய்ப் பெட்டிகள்.

கடைசியாக இருவரிடமும் ஒரே கேள்வி: "இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்?"

தம்பி சொன்னான்: "செக்யூரிட்டிகிட்ட சொல்லி, வெளியில இருந்து ரூட்டர் எடுத்துட்டு வர விடக்கூடாது சார்." அந்தப் பெண் சொன்னார்: "டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் போடணுங்க சார். நம்ம சர்வர் இருக்கிற போர்ட்டை மட்டும் டிரஸ்ட் பண்ணிட்டா, மத்த போர்ட்ல இருந்து ஆஃபர் வந்தா சுவிட்சே தூக்கிப் போட்டுரும்." பாடம் மாதிரி, ஒரு சொல் பிசகாமல் சொன்னார். 20 நிமிடம் அவரைத் திணறடித்த அதே கோளாறுக்கு நிரந்தர மருந்து என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கோளாறைப் பார்த்த கண்ணுக்கு மருந்து தெரியவில்லை. மருந்து தெரிந்தவருக்குக் கோளாறு கண்ணில் படவில்லை.

நேர்காணல் முடிந்து வெளியே காபி குடிக்கும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டேன், எப்படிப் படித்தீர்கள் என்று. ஒளிக்காமல் சொன்னார். "கோச்சிங் சென்டர்ல கொஸ்டின் பேங்க் குடுத்தாங்க சார். அதைத்தான் மனப்பாடம் பண்ணேன். சுவிட்சைத் தொட்டது மொத்தமா ரெண்டு நாள்தாங்க." டம்ப்ஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தேர்வில் வந்த கேள்விகளைக் கசியவிட்டு விற்பது. சிஸ்கோ கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்யலாம், மறுபடி எழுத விடாமல் தடை போடலாம். அந்தப் பெண்ணுக்கு அது தப்பான வழி என்றே யாரும் சொல்லவில்லை. வாத்தியார் கொடுத்ததைப் படித்தார், அவ்வளவுதான். தறிக்காரரின் வீட்டில் 55,000 ரூபாய் எப்படிச் சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் மட்டும் சுவிட்சைத் தொடவிட்ட அந்த சென்டர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

யாரை எடுத்தோம், அப்புறம் என்ன ஆனது

தம்பியை எடுத்தோம். குழுவில் ஒருவர் கடைசிவரை எதிர்த்தார்: "அடிப்படை தெரிந்தவருக்கு அனுபவம் ஆறு மாதத்தில் வந்துவிடும், அனுபவம் மட்டும் இருப்பவருக்கு அடிப்படை தானாக வராது." யோசிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் பணியிடம் இரவு ஷிஃப்ட், தனியாக இருக்க வேண்டியது. கோளாறை முகர்ந்து பார்க்கத் தெரிந்தவர் உடனே தேவைப்பட்டார். மாதம் 18,000 ரூபாயில் சேர்ந்தான்.

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்க ஐந்து வாரம்தான் ஆனது, அதுவும் எங்களைவிட நல்ல சம்பளத்தில். நெட்வொர்க் கருவிகளை விற்று, மாட்டிக்கொடுக்கும் ஒரு நிறுவனம். அங்கே சான்றிதழுக்கு வேறொரு மதிப்பு இருக்கிறது. சிஸ்கோ போன்ற கம்பெனிகள் தங்கள் பார்ட்னர்களைத் தரம் பிரிக்கும்போது, அங்கே சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் நெடுங்காலமாகக் கணக்கில் எடுத்து வந்திருக்கின்றன. தரம் உயர்ந்தால் பார்ட்னருக்குத் தள்ளுபடியும் சலுகையும் கூடும். அதனால் அப்படிப்பட்ட இடத்தில் சான்றிதழோடு வரும் ஒருவர், முதல் நாள் எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் கம்பெனிக்கு ஒரு எண்ணிக்கை. இது தெரியாமல் பலர் சான்றிதழை எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். விற்பனையும் நிறுவலும் செய்யும் நிறுவனங்களுக்கு முதலில் அனுப்புங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

அவர் அங்கே தாக்குப்பிடித்தாரா? முதல் நாலு மாதம் கஷ்டப்பட்டதாகச் சொன்னார். சீனியர்கள் சைட்டுக்கு அழைத்துப்போனார்கள். ராக்கில் சுவிட்சை மாட்டினார், கேபிளுக்கு லேபிள் ஒட்டினார், கன்சோல் கேபிளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மாலையில் ஹாஸ்டலுக்குப் போய், கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் பேக்கெட் டிரேசரில் அன்றைக்குப் பார்த்ததையே மறுபடி கட்டிப் பார்த்தார். அந்த மென்பொருள் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகக் கிடைக்கும். கோச்சிங் சென்டரில் அதைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. இப்போது நெட்வொர்க்கைக் காக்கும் ஃபயர்வால் வேலையில் இருக்கிறார்.

ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி

தம்பி எங்களிடம் நன்றாக வேலை பார்த்தான். இரவில் வரும் லிங்க் டவுன் டிக்கெட்டுகளில் பாதியை யாரையும் எழுப்பாமல் முடித்தான். ஒருமுறை ஒரு கிடங்கில் எல்லா கேமராவும் ஒன்றாக நின்றுபோனபோது, "அங்க இன்வர்ட்டர் ஓடுதா பாருங்கண்ணே, சுவிட்ச்ல பவர் போயிருக்கும்" என்று அந்தக் காவலாளியிடம் போனில் கேட்டு ஐந்து நிமிடத்தில் முடித்ததை இன்றும் எங்கள் ஷிஃப்ட்டில் சொல்வார்கள்.

11 மாதம் கழித்து ஒரு வாய்ப்பு வந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் இடத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்க ரெசிடென்ட் என்ஜினியர் வேண்டும். பகல் ஷிஃப்ட், சம்பளம் 10,000 கூடும். அவனைவிடப் பொருத்தமானவர் எங்களிடம் இல்லை. ஒப்பந்தத்தைப் புரட்டினால் ஒரு வரி: அனுப்பப்படும் பொறியாளர் செல்லுபடியாகும் சி.சி.என்.ஏ. சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பேசிப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் நல்லவர்தான். "எனக்கும் புரியுது, ஆடிட்ல கேப்பாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். டெண்டர் வழியாக வரும் வேலைகளில், அரசு அலுவலகமோ வங்கியோ, இந்த வரி அடிக்கடி இருக்கும். அங்கே யாருடைய திறமையையும் யாரும் எடைபோடுவதில்லை; தாள் இருக்கிறதா, தேதி முடியவில்லையா என்று மட்டும் பார்ப்பார்கள். சி.சி.என்.ஏ. மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும்.

அன்று இரவு தம்பி போன் செய்தான். அதுவரை சார் என்று கூப்பிட்டவன், அன்றுதான் முதல்முறை அண்ணே என்றான்.

"அண்ணே, நீங்கதானே சொன்னீங்க, சர்டிபிகேட் முக்கியமில்லன்னு."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சொன்னேன்டா. தப்பாச் சொல்லிட்டேன். படி, நான் கூட இருக்கேன்" என்றேன்.

2020 பிப்ரவரியில் சிஸ்கோ தேர்வு முறையையே மாற்றியது. ரூட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ் என்று பிரிந்து கிடந்த பல சி.சி.என்.ஏ.க்களை ஒன்றாக்கி 200-301 என்ற ஒரே தேர்வாக வைத்தது. 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. ரூட்டிங், சுவிட்சிங் என்ற பழைய அடித்தளத்தோடு பாதுகாப்புக்கு 15 விழுக்காடும், ஆட்டோமேஷனுக்கு 10 விழுக்காடும் ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் படித்த காலத்தில் ஆட்டோமேஷன் என்ற சொல்லே அதில் கிடையாது. கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் பணத்தில் வரியோடு சேர்த்து அன்றைக்கு 30,000-ஐ நெருங்கியது. 18,000 சம்பளக்காரனுக்கு. எங்கள் அலுவலகம் பாஸானால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும், தோற்றால் கொடுக்காது. அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டினான்.

முதல் தடவை தோற்றான். சப்நெட்டிங் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது, அதில் ஒன்றும் குறையில்லை. வயர்லெஸ்ஸிலும் ஆட்டோமேஷனிலும் கோட்டைவிட்டான். ஒரு கேள்வியில் 10 நிமிடம் மாட்டிக்கொண்டு கடைசிக் கேள்விகளை ஓட்டமாக முடித்தான். தோற்றவர்கள் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம், ஆனால் முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். அவன் மூன்று மாதம் எடுத்துக்கொண்டான். அந்த மூன்று மாதமும் இரவு ஷிஃப்ட் முடித்து, காலையில் இரண்டு மணி நேரம் பேக்கெட் டிரேசர். ரிச்சி தெருவில் ஒரு பழைய சிஸ்கோ 2960 சுவிட்ச் வாங்கி அறையில் வைத்திருந்தான். அதன் ஃபேன் சத்தத்துக்கு அறைத் தோழர்கள் சண்டை போட்டார்கள். டம்ப்ஸ் அனுப்பட்டுமா என்று ஒருவர் கேட்டதற்கு மறுத்துவிட்டான் என்பதைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

இரண்டாவது தடவை பாஸ். அன்று அவன் சொன்னதில் எனக்கு மறக்காதது மதிப்பெண் இல்லை. "அண்ணே, ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் ஒரே சுவிட்ச்ல சொருகிட்டா எல்லா லைட்டும் ஒண்ணா மின்னும்ல, ஏன்னு இப்பத்தான் புரியுது." மதுரையில் எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறான், கேபிளைப் பிடுங்கிச் சரிசெய்திருக்கிறான். பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றி வந்து சுவிட்சைத் திணறடிக்கிறது, அதைத் தடுக்கத்தான் ஸ்பானிங் ட்ரீ என்று ஒன்று இருக்கிறது என்பதை அந்தப் பாடத்திட்டம் சொன்னது. அவன் அம்மாவின் கம்மல் போய்வந்ததற்கு அந்தத் தாளைவிட இந்தப் புரிதலைத்தான் நான் பெரிய வரவாக நினைக்கிறேன்.

அப்படியானால், தேவையா?

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது, இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது என்பது. பெரிய கல்லூரியில் படித்து, கேம்பஸ் வழியாகவே உள்ளே வருகிறவனுக்கு சான்றிதழ் தேவையில்லை; கம்பெனியே பயிற்சி கொடுக்கும், தேர்வுப் பணமும் கட்டும். உள்ளே மாமாவோ சீனியரோ இருந்து ரெஃபரல் கொடுக்கிறவனுக்கும் அவ்வளவு அவசரம் இல்லை. காலேஜ் பெயர் யாருக்கும் தெரியாது, சென்னையில் ஒருவரையும் தெரியாது, போன் செய்து சொல்ல ஆள் இல்லை என்று இருக்கிறவனுக்குத்தான் அந்தத் தாள் தேவை. அவனுக்காகப் பேச அது ஒன்றுதான் இருக்கிறது. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் 30,000 ரூபாய்த் தேர்வு அதிகமாகத் தேவைப்படுகிறது. அந்தப் பிள்ளையிடம்தான் டம்ப்ஸை விற்கிறார்கள். எனக்கு இதில் வலிப்பது இந்த இடம்தான்.

அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன். பாடத்திட்டம் சிஸ்கோவின் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அதை எடுத்துவைத்து நாலைந்து மாதம் கையால் செய்யுங்கள். ஒரு காசு கட்டாதீர்கள். முடிந்தால் பக்கத்து ஊர்க் கேபிள் கடையிலோ சி.சி.டி.வி. கடையிலோ கூடமாட நில்லுங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்துவிட்டு, நண்பனை விட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கேட்வேயைத் தப்பாகப் போடுங்கள், வி.லேன் எண்ணை மாற்றிவிடுங்கள், முடிந்தால் ஒரு வீட்டு ரூட்டரை மேசைக்கு அடியில் வையுங்கள். கண்டுபிடிக்கக் கை பழகிய பிறகு தேர்வுப் பணத்தைக் கட்டுங்கள். காம்ப்டியா என்ற அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் தேர்வை எழுதலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனிக் கருவியையும் சாராத நல்ல பாடத்திட்டம் அது. ஆனால் சென்னையில் நான் பார்க்கும் விளம்பரங்களிலும் ஒப்பந்தங்களிலும் சி.சி.என்.ஏ. என்றுதான் போடுகிறார்கள். ஒரு தேர்வுக்கு மட்டும் பணம் இருக்கிறவர் அதற்குக் கட்டுவது நல்லது.

கோச்சிங் சென்டருக்குப் போவதாக இருந்தால் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "மொத்தம் எத்தனை மணி நேரம் நான் சுவிட்ச்சுக்குள்ள இருப்பேன்?" கணக்குச் சொல்லாமல் பாஸ் கேரண்ட்டி என்று பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் பக்கத்திலும் ஒன்றை மாற்றியிருக்கிறேன். மனிதவளத் துறைக்கு இப்போது கொடுக்கும் வடிகட்டியில் சி.சி.என்.ஏ. மட்டும் இல்லை, கேபிளிங், சி.சி.டி.வி., பேக்கெட் டிரேசர், அதுபோன்ற மென்பொருளான ஜி.என்.எஸ்.-3 என்ற சொற்களும் இருக்கின்றன. விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தோம்: சான்றிதழ் இல்லாதவர்கள் தாங்கள் கட்டிய ஒரு நெட்வொர்க்கின் படத்தையும், அதில் சந்தித்த ஒரு கோளாறையும், அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பலாம். போன முறை அப்படி 26 பேர் அனுப்பினார்கள். மனிதவளத் துறையால் அதைப் படித்துப் பிரிக்க முடியாது, எனவே நானும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தோம். அதில் நாலு பேரைக் கூப்பிட்டோம். கேள்வி கேட்கும் நாற்காலியில் அன்று அவன் உட்கார்ந்திருந்தான். 14-ஆம் போர்ட்டில் அந்தப் பழைய ரூட்டரை அவனே சொருகி வைத்திருந்தான்.